கடைசி வரி அத்தை

உலகம் தோன்றிய நாளிலிருந்து ரத்தம் எடுத்தவர்கள் எத்தனையோ பேர், கொசுக்களையும் சேர்த்து. அத்தனை பேரையும் தராசின் ஒரு தட்டில் ஏற்றி, மறு தட்டில் என் அத்தையை உட்கார வைத்தால், அத்தை உட்கார்ந்த தட்டு தரையைப் பிளந்துகொண்டு பூமியின் அந்தப் பக்கம் போய் நிற்கும். அவர் ஊசியைக் கையில் எடுத்தால், தோலுக்கு அடியில் ஒளிந்திருக்கும் நரம்புகள் தாமாகவே எழுந்து வரிசையில் நின்று, என்னை முதலில் குத்துங்கள் என்று அடித்துக்கொள்ளும். ஊதா மூடி போட்ட டியூபை அவர் கவிழ்த்து நிமிர்த்தும் அழகைப் பார்த்துத்தான் கடல் அலையடிக்கக் கற்றுக்கொண்டது. மனிதனுக்கு இருதயம் என்று ஒன்றை வைத்ததே அத்தையின் லேபுக்கு ரத்தம் அனுப்பத்தான்.

மேலே சொன்னது, அத்தையைப் பற்றி அத்தை வைத்திருக்கும் கருத்து. என் கருத்து இவ்வளவு நீளம் கிடையாது. சிடுமூஞ்சி.

செருப்புக் கடைக்கு மேல் மாடியில் இருக்கும் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் இருபத்திரண்டு வருடமாக ஒரே ஸ்டூலில் உட்கார்ந்திருக்கிறாள். ஸ்டூலுக்கே இடுப்பு விட்டுப்போய் ஒரு கால் சாய்ந்துவிட்டது. அதற்கு முட்டுக்கொடுக்க ஒரு மருந்துக் கம்பெனியின் டைரியை மடித்துச் செருகியிருக்கிறாள். ஃபிரிட்ஜ் கதவு மூடாது, பிளாஸ்திரி ஒட்டி வைத்திருக்கும். ஜன்னலைத் திறந்தால் புதுச் செருப்பு வாசனை வரும், மூடினால் ஸ்பிரிட் வாசனை. இரண்டுக்கும் நடுவில் உட்கார்ந்துகொண்டு, வருகிறவனை நிமிர்ந்துகூடப் பார்க்காமல், "கைய நீட்டு, விரல மூடு, பேசாத" என்று மூன்றே வார்த்தையில் உலகத்தை நடத்திக்கொண்டிருப்பாள். ஐந்து வார்த்தை என்று நீங்கள் எண்ணிச் சொன்னால், அதையும் பேசாதே என்பாள்.

என்னை அங்கே கொண்டுவந்து தள்ளியது அப்பா. அவருக்கு ஊர் ஊராக மாற்றல். ஒவ்வோர் ஊரிலும் பள்ளிக்கூடம் என்னை வெளியே மாற்றிக்கொண்டிருந்தது. கடைசியில், "உங்க அத்தைகிட்ட இருந்தாவது உருப்படு" என்று சொல்லி, பெட்டியோடு இறக்கிவிட்டுப் போனார். அறிவியலில் இரண்டு தடவை கோட்டை விட்ட என்னை, அறிவியலே புடவை கட்டிக்கொண்டு நடமாடும் வீட்டில். எங்கப்பாவுக்கு யோசனை அவ்வளவுதான் போகும்.

அத்தையின் லேபில் ஒரு மெஷின் உண்டு. மைக்ரோவேவ் அடுப்பு அளவு, குணம் பக்கத்து வீட்டுப் பெரியவர் மாதிரி. ரத்தத்தை ஒரு சொட்டு உறிஞ்சும், தொண்டையைச் செருமும், ஒரு நிமிடம் யோசிக்கும், பிறகு ஒரு நீளச் சீட்டைத் துப்பும். சிவப்பணு இத்தனை, வெள்ளையணு இத்தனை, பிளேட்லெட் இத்தனை. எங்காவது கிழித்துக்கொண்டால் ஓடிப்போய் ஓட்டையை அடைக்கிற பொடிசுகள்தான் பிளேட்லெட். எத்தனை பொடிசுகள் என்று எண்ணிவிட்டு மெஷின் சும்மா இருக்கலாம். இருக்காது. ஒவ்வொன்றும் சராசரியாக எவ்வளவு பெரிசு என்றும் அளந்து சொல்லும். அதுதான் சீட்டின் கடைசி வரி. டாக்டர்கள் அந்த வரிக்கு வருவதற்குள் அடுத்த நோயாளி உள்ளே வந்துவிடுவார்.

அத்தை சீட்டைக் கீழிருந்து படிப்பாள். அதனால் லேபில் அவளுக்குப் பெயர் 'கடைசி வரி'. முதுகுக்குப் பின்னால் வைத்த பெயர். அவளுக்குத் தெரியும். பட்டம் கிடைத்த மாதிரி தலையை நிமிர்த்திக்கொண்டு நடப்பாள்.

ஒரு நாள் சாப்பிடும்போது வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டேன்.

"அந்தக் கடைசி வரியில அப்படி என்னதான் அத்தை இருக்கு?"

சாம்ராஜ்யத்தின் ரகசியத்தைச் சொல்வதுபோல் அவள் கரண்டியைக் கீழே வைத்தாள். "பழைய பிளேட்லெட் சின்னதா சுருங்கிப் போயிருக்கும். புதுசா வர்றது பெருசா இருக்கும். பெருசு அதிகமா தெரிஞ்சா, உள்ள எங்கயோ அவசர அவசரமா ஆள் எடுக்குறாங்கன்னு அர்த்தம்."

"எங்க?"

"அதான் தேடணும். ஈரல் கெட்டாலும் ஆகும். பித்தம் போற வழி அடைச்சாலும் ஆகும். சில பேருக்குக் கண்ணு மஞ்சளாகறதுக்கு முன்னாடியே இது வாயத் திறந்துடும்."

"எல்லாருக்குமா?"

"எல்லாருக்கும்னா நான் எதுக்கு, மெஷினே போதுமே. வேற நூறு காரணமும் இருக்கும். அது துப்புதான் கொடுக்கும். தீர்ப்பு கொடுக்காது. உனக்கு ஏன்டி இதெல்லாம், நீ அறிவியல்ல வாங்கின மார்க்குக்கு?"

இதுதான் அத்தை. பாதி வாக்கியம் பாடம், மீதி வாக்கியம் செருப்படி.

மனிதர்களை அவளுக்கு முகம் வைத்துத் தெரியாது, கடைசி வரி நம்பர் வைத்துத்தான் தெரியும். "பத்தரை வந்திருந்தான், உங்கள விசாரிச்சான்" என்பாள் மாமாவிடம். யாரென்று பார்த்தால் மாமாவின் சொந்தத் தம்பி. கீழ் வீட்டு டீச்சர் அவளுக்கு 'எட்டே முக்கால்'. டீச்சருக்குக் குழந்தை பிறந்தபோது எல்லாரும் மூக்கு யாரைப் போல, கண் யாரைப் போல என்று பேசிக்கொண்டிருக்க, இவள் தொட்டிலைப் பார்த்து, "ஒரு மாசம் போகட்டும், சொல்றேன்" என்றாள்.

இவளுக்குப் பாடம் புகட்டுவது என் கடமையானது. குளியலறை பல்பைக் கழற்றிவிட்டு, அடர் மஞ்சள் பல்பு ஒன்றைப் போட்டேன். காலையில் கண்ணாடி பார்க்கிற ஒவ்வொருவரும் முற்றிய மஞ்சள் காமாலை. மாமா பல் விளக்கிக்கொண்டே அலறினார். அத்தை உள்ளே போனாள். கீழ் இமையை விரலால் இழுத்துப் பார்த்தாள். நாக்கை நீட்டிப் பார்த்தாள். வெளியே வந்து, அலமாரியிலிருந்து ஊசிகளை எடுத்துக்கொண்டு, "ரெண்டு பேரும் வந்து உக்காருங்க" என்றாள். பல்பைத்தான் மாற்றினேன் என்று நான் சத்தியம் செய்தும் விடவில்லை. "தெரியும். ஆனா உங்க மாமா பயந்தாரே, ஏன் பயந்தார்?" என்று கேட்டுக்கொண்டே கையில் ரப்பர் பட்டையை இறுக்கினாள்.

அந்தக் கேள்வி அப்போது எனக்குப் புரியவில்லை.

மாமா கிரேன் ஓட்டுகிறவர். தரையில் ஓடுகிற கிரேன் இல்லை. பதினைந்து மாடிக் கட்டடம் எழும்பும் இடத்தில், அந்தக் கட்டடத்துக்கும் மேலே கூண்டுக்குள் உட்கார்ந்து, இரும்புக் கம்பிக் கட்டுகளைப் பூனைக்குட்டி மாதிரி கழுத்தைப் பிடித்துத் தூக்கி வைக்கிற கிரேன். காலையில் ஏறினால் மத்தியானம் சாப்பிட இறங்குவார், மறுபடி ஏறுவார். கீழே இருக்கும்போது அவர் வாயில் வார்த்தை வராது. மேலே போனதும் ஃபோன் போட்டுவிடுவார். "வாலு, கிழக்கால மழை இறங்கிடுச்சு. உங்க அத்தை துணி காயப் போட்டிருக்கா. இன்னும் பத்து நிமிஷம்தான், ஓடு." நான் வேண்டுமென்றே பதினோராவது நிமிடம் போய், நனைந்த துணியோடு அத்தையிடம் திட்டு வாங்குவேன். மறுநாளும் ஃபோன் வரும். அந்த மனிதருக்குக் கோபம் என்று ஓர் உறுப்பையே கடவுள் வைக்கவில்லை.

அப்படிப்பட்டவரை அத்தை மூன்று மாதத்துக்கு ஒரு தடவை குத்துவாள். காலை ஆறே காலுக்கு, காபிக்கு முன்னால், சாப்பாட்டு மேஜையில். முதலில் மாமா, பிறகு நான்.

"எனக்கு எதுக்கு?" என்று முதல் தடவை கேட்டேன்.

"சும்மா கூட வரட்டும்" என்றாள். துணைக்கு அனுப்பப் பக்கத்து வீட்டுப் பிள்ளையா அது, என் ரத்தம். எப்படியும் போகிற வழியில் சாக்கடையில் ஊற்றிவிடுவாள் என்றுதான் மூன்று வருடமும் நினைத்திருந்தேன். எனக்கு ஒரு நாள்கூடச் சீட்டு காட்டியதில்லை. மாமாவின் சீட்டுகளை மட்டும் அலமாரிக் கதவின் உள்பக்கம் ஒன்றன்கீழ் ஒன்றாக ஒட்டி வைத்திருந்தாள். கடைசி வரி பதினொன்று. பதினொன்றரை. பன்னிரண்டு. பதின்மூன்று. பிளேட்லெட் எண்ணிக்கை மட்டும் மெதுவாகக் குறைந்துகொண்டே வந்தது. எல்லாவற்றுக்கும் சிவப்புப் பேனாவில் அடிக்கோடு. படுக்கப்போகும்போது கணவன் படத்தைப் பார்க்கிற பெண்கள் உண்டு. இவள் அலமாரியைத் திறந்து அவருடைய நம்பரைப் பார்ப்பாள்.

சாயங்காலம் டி.வி. பார்க்கும்போது மாமா தலை சீவும் சீப்பால் உள்ளங்கையைச் சொறிந்துகொண்டிருப்பார். பிறகு பாதத்தை.

"என்னங்க அது?"

"கையுறை. உள்ள ரப்பர் தூள் போடுறானுங்க."

"கால்லயும் கையுறையா போடுறீங்க?"

மாமா சீப்பைத் தலைக்குக் கொண்டுபோய் இல்லாத முடியைச் சீவுவார்.

கடைசியில் அத்தை அவரை டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போனாள். துணைக்கு என்று மாமா என்னை இழுத்துக்கொண்டார். லேபுக்குப் பின்பக்கமே அந்த டாக்டரின் அறை. எந்த வெயிலிலும் டை கட்டியிருப்பார். டை இல்லாவிட்டால் தலை உருண்டு விழுந்துவிடும் என்று யாரோ பயமுறுத்தியிருக்க வேண்டும்.

அத்தை சீட்டுகளை மேஜையில் பரப்பினாள். டாக்டர் மேலிருந்து படித்தார், பாதியில் நிறுத்தினார்.

"எல்லாம் சுமாராத்தானே இருக்கு?"

"கடைசி வரி பாருங்க சார்."

"அம்மா, அது மெஷின் சும்மா போடுற வரி."

"மெஷின் சும்மா எதுவும் போடாது சார். நாமதான் சும்மா இருக்கோம்."

டாக்டர் டையைத் தடவிக்கொண்டார். "பிளேட்லெட் சைஸ வச்சு ஈரல் ஸ்கேன் எழுதணும்னா ஊர்ல பாதிப் பேருக்கு எழுதணும். போன வருஷம் காமாலை டெஸ்ட் சரியாத்தான இருந்துச்சு? உங்களுக்கு என்ன சார் பண்ணுது?"

"ஒண்ணுமே இல்ல டாக்டர்" என்றார் மாமா, முதுகுக்குப் பின்னால் உள்ளங்கையைப் பேன்ட்டில் தேய்த்துக்கொண்டே. "சூப்பரா இருக்கேன்."

"அரிக்குது அவருக்கு."

"கையுறைய மாத்துங்க சார்."

அத்தை நகரவில்லை. சாய்ந்த ஸ்டூலைவிட்டே இருபத்திரண்டு வருடம் எழாதவள், நல்ல நாற்காலி கிடைத்தால் எழுவாளா? டாக்டர்தான் முதலில் அலுத்துப்போனார். "சரிம்மா. அடுத்த டெஸ்ட்ல பாப்போம். அதுலயும் ஏறியே இருந்தா ஸ்கேன் எழுதறேன். நார்மலுக்கு வந்துட்டா, இந்த மனுஷன நிம்மதியா விட்டுரணும். ஒத்துக்கறீங்களா?"

"ஒத்துக்கறேன்."

வெளியே வந்ததும் மாமாவின் முகத்தைப் பார்த்தேன். பல்பு மாற்றிய அன்று பார்த்த அதே முகம். அத்தை பஸ்ஸைப் பிடிக்க முன்னால் நடக்க, அவர் என் பக்கம் குனிந்தார்.

"ஈரல்ல சந்தேகம்னு பேப்பர்ல ஒரு வார்த்த வந்துட்டாப் போதும் வாலு, முடிவு தெரியற வரைக்கும் கம்பெனில மேல ஏத்த மாட்டாங்க. முடிவு கெட்டதா வந்தா அப்புறம் எப்பவுமே கீழதான். கீழ நான் என்ன பண்ணுவேன்? எனக்குக் கீழ யாரையும் தெரியாது."

கிரேன்காரர் ஒருவர் ஒரே மூச்சில் இவ்வளவு பேசி நான் கேட்டதில்லை. எனக்கென்ன வந்தது, நான் பாட்டுக்கு நடந்தேன்.

அடுத்த டெஸ்டுக்கு ஒரு வாரம் இருக்கும்போது எதிரியின் கோட்டையில் ஓட்டை கிடைத்தது. அத்தை கண்ணாடியை வீட்டிலேயே மறந்துவிட்டாள் என்று கொண்டுபோய்க் கொடுக்கப் போயிருந்தேன். லேப் மெஷினைச் சுத்தம் பண்ண வருகிற மெஷின்காரர் கீழே டீக்கடையில் நின்றுகொண்டிருந்தார். எல்லாம் தெரிந்தவர். தெரியாததும் தெரிந்தவர். ஒரு டீ முடிவதற்குள் மனிதகுலத்தின் ரத்தம் முழுக்க எனக்கு விளக்கிவிட்டார்.

"உங்க அத்தை கடைசி வரி, கடைசி வரின்னு உசுர விடுறாங்களே, அந்த வரி பெரிய ஏமாத்துக்கார வரிம்மா. டியூப்ல உறையாம இருக்க ஒரு மருந்து இருக்குல்ல? அதுல கெடந்தா பிளேட்லெட் ஊறிடும். உப்பிப்போயிடும். எடுத்த சூட்டோட ஓட்டினா ஒரு நம்பர், ரெண்டு மூணு மணி நேரம் கழிச்சு ஓட்டினா வேற நம்பர், பெருசா."

நான் டீயைக் கீழே வைத்தேன்.

ஆறே காலுக்குக் குத்துகிறாள். பிறகு குளியல், சமையல், ஏழேகால் பஸ். பஸ் ஊரையெல்லாம் சுற்றி எட்டே முக்காலுக்கு இறக்கிவிடும். மெஷினை எழுப்பி, கழுவி, வாய் கொப்பளிக்க வைத்து, ரத்தத்தை உள்ளே விடும்போது ஒன்பதே காலாகும். மூன்று மணி நேரம்! மூன்று வருடமாக இந்த மகாராணி மாமாவின் ரத்தத்தைக் கைப்பைக்குள் ஊறப்போட்டு, உப்பிய பிறகு அளந்து, ஐயோ பெரிசு, ஐயோ பெரிசு என்று அலமாரியில் ஒட்டிக்கொண்டிருக்கிறாள். அவருடைய ஈரலில் நோய் இல்லை. பஸ்ஸில்தான் நோய்.

நேர்மையாகச் சொல்லியும் பார்த்தேன். அன்று இரவுச் சாப்பாட்டின்போதே.

"அத்தை, டியூப்ல ரொம்ப நேரம் வச்சா ஊறிடுமாமே?"

"யார் சொன்னா?"

"மெஷின்காரர்."

"அவனுக்கு மெஷின் துடைக்கத் தெரியும். தட்ட எடு, கழுவு."

அவ்வளவுதான். விளக்கம் இல்லை, வருத்தம் இல்லை, ஒரு நிமிட யோசனைகூட இல்லை. தப்பே செய்யாதவர்களுக்கு யோசனை எதற்கு? தட்டைக் கழுவும்போது முடிவெடுத்துவிட்டேன்.

டெஸ்ட் நாள் காலையில் மாமா வந்து உட்கார்ந்தார். அத்தை குத்தினாள். டியூபை மெதுவாகக் கவிழ்த்தாள், நிமிர்த்தினாள், எட்டு தடவை. குலுக்கினால் ரத்தம் கோபித்துக்கொள்ளுமாம். ஒட்டுச்சீட்டில் மாமாவுக்கு 'மா' என்று எழுதி டியூபில் ஒட்டினாள். பிறகு என் கை. எனக்கு 'வா'. வாலுவின் வா. இரண்டையும் பஞ்சில் சுற்றிக் கைப்பையில் வைத்துவிட்டு அவள் குளிக்கப் போனாள். மாமா சட்டைக் கையை இறக்கிவிட்டுக்கொண்டு, "இந்த ஒரு தடவ நல்லா வந்துட்டா போதும்" என்று யாரிடமோ சொன்னார். சுவரிடம் இருக்கலாம்.

அவர் செருப்பு மாட்டப் போனதும் பையைத் திறந்தேன். 'மா'வைப் பிய்த்தேன், 'வா'வைப் பிய்த்தேன், இடம் மாற்றி ஒட்டினேன். நகம் இருந்தால் போதும், இதற்குப் பத்தாம் வகுப்பு தேவையில்லை. கல்லை விழுங்கினாலும் செரிக்கிற பதினாறு வயது ஈரலின் ரத்தம், நாற்பத்தெட்டு வயதுக்காரர் பெயரில் போகும். மூன்று மணி நேரம் ஊறினாலும் என் பிளேட்லெட் அவரைக் காட்டிக்கொடுக்காது. அவருடைய ரத்தம் என் பெயரில் சாக்கடைக்குப் போகும். அத்தை தோற்பாள். மாமா ஏறுவார். முழு உலகத்துக்கும் நல்லது.

அன்று அத்தை வழக்கத்தைவிட இரண்டு மணி நேரம் தாமதமாக வந்தாள். ஒன்றும் சொல்லவில்லை. மாமாவும் சொல்லவில்லை. தோற்றவளின் மௌனம் என்று நினைத்து ரசித்துக்கொண்டே சாப்பிட்டேன்.

மூன்றாம் நாள் டை டாக்டர் ஸ்கேன் எழுதிக்கொடுத்துவிட்டார்.

எப்படி முடியும்? என் ரத்தம் மாமா பெயரில் போயிருக்கிறது. அது எப்படிக் கெட்டதாக வரும்? இரண்டு நாள் மண்டையைக் குடைந்து, கடைசியில் ஒரே பதிலில் வந்து நின்றேன். அத்தை நம்பரை மாற்றி எழுதியிருக்கிறாள். மெஷின் சும்மா எதுவும் போடாது என்று வசனம் பேசியவள், ஜெயிக்க வேண்டும் என்பதற்காக மெஷின் வாயிலேயே மண்ணைப் போட்டிருக்கிறாள். இவளைச் சிடுமூஞ்சி என்று மட்டும் நினைத்தேனே. ஃப்ராடு. அவள் பரிமாறியதைச் சாப்பிடவே கூசியது. சாப்பிட்டேன், பசித்தது.

ஸ்கேன் அன்று மூன்று பேரும் போனோம். சேர்த்துப் பூட்டிய பிளாஸ்டிக் நாற்காலிகள், ஒருவர் ஆடினால் ஐந்து பேரும் ஆட வேண்டும். மாமாவை நீலச் சட்டை மாட்டி உள்ளே கூட்டிப்போனார்கள். அத்தை கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு சுவர்க் கடிகாரத்தை வெறித்துப் பார்த்தபடி இருந்தாள். ஒரு மணி நேரத்தில் அவள் செய்த ஒரே காரியம், பையின் ஜிப்பைத் திறந்ததும் மூடியதும்தான். அதையும் எட்டு தடவை.

அங்கேயே வந்திருந்த டை டாக்டர் படத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து எங்களுக்குக் காட்டினார். எனக்குப் புகை மட்டும் தெரிந்தது. பித்தம் இறங்கி வரும் குழாய் ஓரிடத்தில் இறுகிச் சுருங்கியிருக்கிறதாம். பின்னால் தேங்கித் தேங்கி ஈரல் இறுக ஆரம்பித்திருக்கிறதாம். ஆரம்பம்தானாம். வாய் வழியாகக் குழாய் விட்டு அந்த இடத்தை விரித்துவிடலாம், மாத்திரை கொடுக்கலாம். அரிப்புக்கும் அதுதான் காரணமாம்.

"ஆறு மாசம் விட்டிருந்தா மஞ்சளா வந்து நின்னிருப்பீங்க" என்று மாமாவிடம் சொல்லிவிட்டு, டாக்டர் டையை நீவிக்கொண்டார். "எனக்கென்னவோ ஆரம்பத்துலயே ஒரு டவுட் இருந்துச்சு. அதான் ஸ்கேன் எழுதினேன்."

இவரையெல்லாம் திட்டுவதற்குத் தமிழில் வார்த்தைப் பஞ்சம்.

"மேல ஏறலாமா டாக்டர்?" என்று கேட்டார் மாமா. தன் ஈரலைப் பற்றிக் கேட்கவில்லை.

"மூணு மாசம் கீழயே இருங்க. குழாய் சரியானதும் பாத்துட்டு நானே எழுதித் தரேன்."

மாமா தலையாட்டினார். மூன்று மாதம் என்பது எப்போதுமே இல்லை என்பதைவிடச் சின்னது என்று அவருக்குப் புரிய ஒரு நிமிடம் ஆனது. பிறகு முகம் கொஞ்சம் தெளிந்தது. மருந்துச் சீட்டை எடுத்துக்கொண்டு மாத்திரை வாங்கப் போனார்.

அத்தையும் நானும் அந்த ஆடும் நாற்காலிகளில் தனியாக. அவளிடம் தோற்றுப்போனது எனக்கு நெஞ்சை அடைத்தது. மாமாவுக்கு நிஜமாகவே நோய் என்பது அதைவிட அடைத்தது. இரண்டையும் சேர்த்து வாயால் கக்கிவிட்டேன்.

"ஜெயிச்சிட்டீங்க அத்தை. சந்தோஷமா? ஆனா நம்பர மாத்தி எழுதித்தானே ஜெயிச்சீங்க."

அத்தை கடிகாரத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "எந்த நம்பர?"

"மாமா நம்பரத்தான். நோய் இருந்துச்சு, சரி. அதுக்காகப் பொய் எழுதலாமா? அன்னைக்கு அவர் டியூப்ல நல்ல நம்பர்தானே வந்திருக்கும்?"

"ஏன் நல்ல நம்பர் வந்திருக்கும்?"

கடிகாரத்தைப் பார்ப்பது என் முறையானது.

அத்தை இப்போது திரும்பினாள். என்னை நேருக்கு நேராகப் பார்த்தாள். அவளுக்கு என் முகம் தெரியும் என்பதே எனக்கு அன்றுதான் தெரியும்.

"மூணு வருஷமா அவர் ரத்தம் போன பஸ்லதான் உன் ரத்தமும் போச்சு. எதுக்குக் கூட வரட்டும்னு சொன்னேன்னு நெனச்ச? பஸ்ல ஊறுதுன்னா ரெண்டும் ஊறணும். ரெண்டும் ஊறத்தான் செஞ்சுது. உனக்குப் பத்தத் தாண்டல. அவருக்கு மட்டும் ஏறிக்கிட்டே போச்சு. மெஷின்காரன் பொறக்கறதுக்கு முன்னாடியே எனக்கு ஊறுற கதை தெரியும்டி."

"அப்ப அன்னைக்கு..."

"அன்னைக்கு ஓட்டறேன், அவருக்குப் பத்து, உனக்குப் பதிமூணு. ஒரே ராத்திரில அவருக்கு வயசு பதினாறாகி, உனக்கு நாப்பத்தெட்டாயிடுச்சா? ரெண்டு டியூபையும் கீழ ஊத்திட்டு சைட்டுக்குப் போனேன். அவர இறங்கி வரச் சொல்லி, லேபுக்கே கூட்டிட்டு வந்து, எடுத்த கையோட ஓட்டினேன். ஊற நேரமே கொடுக்கல. அப்பவும் பன்னெண்டரை. அதத்தான் டாக்டர்கிட்ட கொடுத்தேன்."

"மாமாவுக்குத் தெரியுமா?"

"தெரியாம? அவதான் மாத்தியிருப்பா, திட்டாதன்னு மூணு தடவ சொன்னாரு."

"நான் சும்மா விளையாட்டுக்குத்தான் அத்தை பண்ணேன்."

"விளையாட்டுன்னா அன்னைக்கு ராத்திரியே இளிச்சுக்கிட்டு வந்து சொல்லியிருப்ப. இத்தன நாளா வாய மூடிக்கிட்டுத் திரியற. அவர மேல ஏத்திவிடணும்னு பண்ணியிருக்க."

"அதெல்லாம் ஒண்ணுமில்ல. அவர் ஏறினா என்ன, ஏறாட்டி எனக்கென்ன?"

அத்தை என் மணிக்கட்டைப் பிடித்தாள். தட்டிவிடப் பார்த்தேன், முடியவில்லை. இருபத்திரண்டு வருடமாகக் கை பிடிக்கிற கை. இரண்டு விரலை நாடியில் வைத்து, கடிகாரத்தைப் பார்த்து, அரை நிமிடம் உதட்டுக்குள் எண்ணினாள்.

"பொய் சொல்றப்ப உனக்கு நூத்திப் பதினாறு ஓடுது" என்றாள். கையை விடவில்லை.